பாலாற்றங்கரையில் பயிர் வெளுத்தால்: உப்பா, உலோகமா, வெறும் சத்துக்குறையா?

எங்கள் உரக்கடை ராணிப்பேட்டைப் பக்கம். வாரத்துக்கு இரண்டு பேராவது கேரி பேக்கில் நாலு மஞ்சள் இலையைப் போட்டுக்கொண்டு வந்து, "குரோமியம் ஏறிடுச்சுண்ணா, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். டேனரிகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகள்) மூடிப்போன குரோமேட் ஆலைக்கும் நடுவில் விவசாயம் செய்கிறவர்கள் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இத்தனை வருடம் இலை பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இரண்டு விஷயம். குரோமியம் என்று கொண்டுவரும் பாதிக்கு மேற்பட்ட இலைகளில் குற்றவாளி உப்பு, இல்லையென்றால் இரும்புச் சத்துக்குறை. இரண்டாவது, நிஜமாகவே உலோகம் ஏறிய பயிர் பல சமயம் யாரும் கடைக்குக் கொண்டுவராத அளவுக்குப் பச்சைப்பசேலென்று இருக்கும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் வயலில் தெரிவது எது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில், பணத்தைத் தின்னும் காரணம் கடைசியில். கடைசி அறிகுறியை (அறிகுறி 7) மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: இலையை விடுங்கள், வேரைப் பாருங்கள்

செடியைக் கையால் பிடுங்காதீர்கள், நுனி வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், பார்க்க வேண்டியதே அந்த நுனிதான். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெதுவாக அலசுங்கள். வரப்போரம் நன்றாக இருக்கும் செடி ஒன்றையும் இப்படியே எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வெள்ளையாக, நீளமாக, சல்லிவேரோடு இருந்தால் உலோகச் சந்தேகம் பெரிதும் குறைகிறது. குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, சல்லிவேரே இல்லாமல் தென்னந்துடைப்பத்தின் தேய்ந்த முனை மாதிரி இருந்தால் கவனம். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேறு கதை, இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு அதற்கு வைத்தியம் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் அதே டி.டி.எஸ். மீட்டர் (லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது), புளிப்பா காரமா என்று பார்க்கும் பி.எச். தாள், வெள்ளை வாளி, ஐம்பது கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), ஒரு கைப்பிடி பாசிப்பயறு. அவ்வளவுதான்.

அறிகுறி 1: குருத்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடி இலை மஞ்சளாகி மேல் இலை பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைதான், யூரியாவோடு முடிந்துவிடும். இங்கே பேசுவது அதற்கு நேர்மாறு: புது இலை வெளுத்து, பழைய இலை நன்றாக இருப்பது.

தண்ணீர் தேங்கியதா? மழை பெய்து நாலு நாள் வயல் வடியாமல் இருந்தால் நிலக்கடலை இப்படித்தான் வெளுக்கும். வடிகால் வெட்டிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். இதற்குப் போய் யாரும் காசு செலவழிக்க வேண்டாம்.

சுண்ணாம்பு மண்ணா? பி.எச். 8-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. மண்ணில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு நுரைக்கிறதா பாருங்கள். நுரைத்தால் அன்னபேதி சோதனை: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, சாயங்காலம் பஞ்சில் தொட்டு மஞ்சள் இலையின் பாதியில் மட்டும் தடவுங்கள், மறுபாதியை விட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் தடவிய பாதி பச்சையேறி மற்ற பாதி அப்படியே இருந்தால், இரும்புக்குறை என்று இலையே எழுதிக் கொடுத்துவிட்டது. அதே கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் பயிர் எழுந்துவிடும்.

தடவியும் பச்சையேறவில்லை, அல்லது ஏறிய பிறகு வரும் அடுத்த குருத்தும் திரும்பத் திரும்ப வெளுக்கிறது, வேர் நுனியும் பழுப்பு. இங்கேதான் உலோகத்தைச் சந்தேகிக்கத் தொடங்க வேண்டும். நிக்கல், துத்தநாகம், தாமிரம், காட்மியம் இவை மண்ணில் அதிகமானால் இரும்பு போகிற வழியிலேயே குறுக்கே நிற்கும், அதனால் வெளியே தெரிவது இரும்புக்குறை மாதிரியே இருக்கும். காட்மியம் அதோடு நிற்காது, பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் உட்கார வேண்டிய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பச்சையம் வெயிலை வாங்கினாலும் வேலை செய்யாது. அடுப்பு இருக்கிறது, கேஸும் இருக்கிறது, பர்னர்தான் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் யூரியா போடாதீர்கள். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தால் வெளிர்ப் பச்சை காட்டும், உடனே கை யூரியா மூட்டைக்குப் போகும். ஒரு அண்ணன் ஒரே கத்தரித் தோட்டத்துக்கு ஒரு மாதத்தில் மூன்று தடவை என்னிடம் யூரியா வாங்கிப் போனார், நானும் விற்றேன், அப்போது எனக்கும் தெரியாது. வெளுப்பு போகவே இல்லை. அமோனியாவாக மாறும் உரங்கள் மண்ணைப் புளிக்க வைக்கும், மண் புளிக்கப் புளிக்க காட்மியமும் துத்தநாகமும் நிக்கலும் இன்னும் தாராளமாகக் கரைந்து வேருக்குள் போகும். காசு கொடுத்து விஷத்தைக் கரைத்த கதைதான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அன்னபேதி சோதனை தோற்று, வேரும் கெட்டிருந்தால். மண்ணும் இலையும் லேபுக்குப் போகட்டும் (எடுக்கும் விதம் கடைசியில்).

அறிகுறி 2: இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

ஊரே குரோமியம் என்று சத்தியம் செய்யும் அறிகுறி இதுதான், கிட்டத்தட்ட எப்போதும் உப்பு.

தோலைப் பதப்படுத்துவதற்கு முன் கெடாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் வைக்கிறார்கள். அந்த உப்பு பல ஆண்டுகளாகக் கழிவுநீரோடு நிலத்தடிக்கு இறங்கியிருக்கிறது. பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்றாம் வகை (Cr III), மண்ணில் பட்டதும் பெரும்பாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், செடிக்குள் போனாலும் முக்கால்வாசி வேரிலேயே தங்கிவிடும். உப்பு அப்படியில்லை, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும், இலை நுனி வரைக்கும். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைத் தண்ணீரால் நொய்யல் கரை வயல்கள் கெட்டதிலும் பெரிய பங்கு உப்புக்குத்தான்.

போர் தண்ணீரில் மீட்டரை விடுங்கள். 450-க்குக் கீழே என்றால் தண்ணீர்மேல் குற்றம் இல்லை. 450 முதல் 2000 வரை என்றால் பயிரைப் பொறுத்தது: பீன்ஸ் முதலில் அழும், கரும்பும் தக்காளியும் அடுத்து, பருத்தி அலட்டிக்கொள்ளாது. 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் பயிர் கருகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

ஒரு தந்திரம் இருக்கிறது. கோடையில் கருகல் கூடி, நல்ல மழைக்குப் பிறகு வரும் புது இலைகள் சுத்தமாக இருந்தால் உப்பு. மழையால் உப்பு அடியில் இறங்கும், உலோகம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

தீர்வு, செலவு வரிசையில்: முதலில் நல்ல தண்ணீர் கிடைக்கும் கிணற்றோடு கலந்து பாய்ச்சுவது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சுவதை விட்டுவிட்டு எப்போதாவது ஒருமுறை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே தள்ளுவது (வடிகால் இருந்தால் மட்டும்), அப்புறம் பயிரை மாற்றுவது. ஜிப்சத்தை நாலாவதாகத்தான் சொல்வேன். மண்ணில் சோடியம் அதிகம் என்று சோதனை சொன்னால் மட்டும் ஜிப்சம் வேலை செய்யும், அதுவும் பிறகு கழுவிவிட நல்ல தண்ணீர் வேண்டும். இருப்பதே அந்த உப்பு போர் ஒன்றுதான் என்றால் ஜிப்சம் மூட்டைக்குக் கொடுக்கும் காசு வீண். ஜிப்சம் விற்கிற நானே சொல்கிறேன். குரோமியத்துக்கு ஜிப்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி 3: விதை முளைக்கிறது, அதற்கு மேல் வளரவில்லை, மண் ஈரமாக இருக்கும்போதே மதியம் துவள்கிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், இரண்டுக்கும் வேர்தான் மூலம். இதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இருக்கிறது, ஐந்து நாள், ஐந்து ரூபாய்.

மூன்று தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் நனைத்த பருத்தித் துணி. மூன்றிலும் இருபது இருபது பாசிப்பயறு. முதல் தட்டுக்கு மழைத் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். இரண்டாவதுக்கு உங்கள் போர் தண்ணீர். மூன்றாவதுதான் சூட்சுமம்: கேன் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து, டி.டி.எஸ். மீட்டர் உங்கள் போர் தண்ணீர் காட்டும் அதே எண்ணைக் காட்டும் வரை கொண்டுவாருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்பது ஏறக்குறைய ஆயிரம். மூன்றையும் நிழலில் மூடி வைத்து, அந்தந்தத் தண்ணீரையே தெளித்து, ஐந்தாம் நாள் முளை வேரை ஸ்கேலில் அளந்து சராசரி பாருங்கள்.

மூன்றும் ஒரே நீளம் என்றால் தண்ணீரில் கோளாறு இல்லை. மண்ணைப் பாருங்கள்: கெட்ட இடத்து மண்ணும் நல்ல இடத்து மண்ணும் இரண்டு டம்ளரில் எடுத்து, மழைத் தண்ணீர் விட்டு இதே சோதனை.

போர் தட்டும் உப்புத் தட்டும் ஒரே அளவு குட்டை என்றால் உப்பு. அறிகுறி 2-க்குப் போங்கள்.

போர் தட்டு உப்புத் தட்டைவிட இன்னும் குட்டை, நுனியும் பழுப்பு என்றால் உப்பையும் தாண்டி ஏதோ இருக்கிறது. அது உலோகமாகவும் இருக்கலாம், போரானாகவும் இருக்கலாம், சோடா உப்பாகவும் இருக்கலாம். இந்தச் சோதனை தீர்ப்புச் சொல்லாது, கேஸை மேல்கோர்ட்டுக்கு அனுப்பலாமா என்று மட்டும் சொல்லும். இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு அதே முடிவு வந்தால் தண்ணீரை லேபுக்கு அனுப்புங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், முளைப்பு எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். விதை தன்னிடம் இருக்கும் சாப்பாட்டிலேயே முளைத்துவிடும், இருபதுக்குப் பத்தொன்பது முளைத்தது, அப்போ தண்ணீர் நல்லது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. உலோகம் அடிப்பது வேர் நீளத்தில்.

தண்ணீரே மஞ்சளாக வந்தால்

இதற்குச் சோதனை அடுக்கு எதுவும் கிடையாது, முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். வெள்ளை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் துருப்பிடித்த மாதிரி அடியில் படிந்து மேலே தெளிந்திருந்தால் இரும்பு, பெரிய ஆபத்தில்லை. படியவே இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஆனால் மஞ்சளாகவே இருந்தால் ஆறாம் வகைக் குரோமியத்தை (Cr VI) சந்தேகியுங்கள். இது டேனரி குரோமியம் போல மண்ணில் பிடித்துக்கொள்ளாது, தண்ணீரோடு ஓடும், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது என்றாலே அதைப் பல மடங்கு தாண்டியாகிவிட்டது. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், அதன் கீழ்ப்புறம் இருக்கிறவர்கள் இதை யோசித்துக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம்.

மாடும் குடிக்கக் கூடாது, கையும் காலும் படக் கூடாது. பயிருக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி பிறகு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். டைஃபினைல்கார்பசைடு சோதனைப் பெட்டி வைத்திருப்பவர்கள் துளி விட்டுப் பார்ப்பார்கள், ஆறாம் வகை இருந்தால் ஊதா நிறம் வரும்.

தயவுசெய்து சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். காட்மியம், ஈயம், துத்தநாகத்துக்குச் சுண்ணாம்பு நல்லது, மண்ணில் கட்டிப் போடும். ஆறாம் வகைக் குரோமியத்துக்கும் ஆர்செனிக்குக்கும் நேர் எதிர், இன்னும் அவிழ்த்துவிடும். எந்த உலோகம் என்று தெரியாமல் சுண்ணாம்பு போடுவது சீட்டாட்டம்.

அறிகுறி 4: ஒரே வயலில் ஒரு திட்டு மட்டும், வருடா வருடம் அதே இடம்

இது கண்டுபிடிக்கச் சுலபம், ஏனென்றால் பதில் மண்ணைவிட மனிதர்களிடம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர் யாரையாவது அழைத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். தகரக் கொட்டகை இருந்ததா? தகரக் கூரையின் நாக முலாம் மழையில் கரைந்து சொட்டிய கோடு முழுக்கத் துத்தநாகம் ஏறியிருக்கும், கோடு போட்ட மாதிரிப் பயிர் வெளுத்திருக்கும். பழைய பேட்டரி உடைத்தார்களா? ஈயம். செம்புக்காக ஒயர் எரித்தார்களா? தாமிரமும் ஈயமும். இல்லை, யாராவது ஒரு லாரி "இலவச உரம்" இறக்கினார்களா?

கடைசிக் கேள்விதான் எங்கள் பக்கம் முக்கியம். சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு, தோல் சீவல் கலந்த குப்பை, நகராட்சிக் கலப்புக் குப்பை மக்கு இவையெல்லாம் சும்மா கிடைக்கிறது என்று வயலில் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை கலந்துவிட்டால் உலோகம் மக்காது, ஆவியாகாது, பயிர் வைத்து எடுத்துவிடலாம் என்று பார்த்தால் உங்கள் பேரன் காலம் ஆகும்.

திட்டு சின்னது என்றால் மலிவான வழி, அந்த மேல் ஒரு சாண் மண்ணை அள்ளி அகற்றுவது. எங்கே கொட்டுவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டுவிட்டு அள்ளுங்கள், பக்கத்து ஓடையில் கொட்டினால் நீங்களும் அந்த லாரிக்காரரும் ஒன்றுதான். திட்டு கால் ஏக்கரைத் தாண்டினால் அள்ளுவது கட்டுப்படியாகாது, வேலி போட்டுவிட்டு வெட்டிவேரோ மர வகையோ வையுங்கள், மாட்டுக்குத் தீவனமாக மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

அறிகுறி 5: கழனியில் நெல் துருப்பிடித்த மாதிரி, தூர் கட்டவில்லை

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருப்புள்ளி, பயிர் மேடும் பள்ளமுமாக நின்றால் அது துத்தநாகக் குறை, அதாவது உலோகம் அதிகமாகி வந்ததல்ல, குறைந்து வந்தது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், நிற்கும் பயிர் என்றால் அரை சதவீதக் கரைசலாகத் தெளிப்பு. பத்தில் எட்டுக் கழனி இதோடு சரியாகிவிடும். துத்தநாகம் போதுமான அளவு இருக்கும் மண்ணில் காட்மியமும் கொஞ்சம் அடங்கும், இரண்டும் ஒரே கதவில் நுழைகிறவை.

வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தண்ணீரை வடித்து நாலு நாள் காயப்போடுங்கள்.

கதிர் நிமிர்ந்தே நிற்கிறது, உள்ளே எல்லாம் பதர் என்றால் ஆர்செனிக்கும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது கங்கைச் சமவெளி, வங்காளம் பக்கத்துப் பெரிய பிரச்சினை. நம் பக்கம் முதலில் பூக்கும் சமயத்து வறட்சி, வெப்பம், கதிர்நாவாய்ப் பூச்சி இவற்றைப் பாருங்கள்.

நெல்லில் ஒரு சிக்கல் உண்டு. கழனியில் தண்ணீர் நின்றால் காட்மியம் மண்ணில் கட்டுண்டு கிடக்கும், ஆர்செனிக் அவிழும். காயப்போட்டால் காட்மியம் அவிழும், ஆர்செனிக் அடங்கும். காட்மியம் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்த வயலில் ஜப்பான்காரர்கள் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் தண்ணீர் வற்றாமல் நிறுத்துகிறார்கள். ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் காட்மியத்தால் எலும்பு முறியும் இதாய் இதாய் நோயை அனுபவித்தவர்கள், அவர்கள் சொன்னால் கேட்கலாம். நம் கழனியில் எது இருக்கிறது என்று தெரியாமல் இதைக் காப்பியடிக்காதீர்கள்.

அறிகுறி 6: வருடக்கணக்காக மயில்துத்தம் அடித்த தோட்டம், புது நடவு பிடிக்கவில்லை

திராட்சை, வெற்றிலைக் கொடிக்கால், தொடர்ந்து தக்காளி போட்ட நிலம். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட், அதைச் சுண்ணாம்போடு கலந்த பூஞ்சை மருந்துதான் போர்டோ கலவை. அதிலுள்ள தாமிரம் இலையில் வேலை முடிந்ததும் மண்ணுக்குத்தான் வருகிறது, மேல் ஒரு சாணிலேயே தங்கிவிடுகிறது. பழைய கொடி ஆழ வேரால் பிழைத்துக்கொள்ளும், புது நாற்று அந்த ஒரு சாணில்தான் உட்கார வேண்டும். வேர் குட்டை, குருத்து வெளுப்பு.

மண்வள அட்டையை (அரசு மண் பரிசோதனை அட்டை) எடுத்துத் தாமிர வரியைப் பாருங்கள். "போதுமானது" என்று போட்டிருக்கும், அந்த வார்த்தையை நம்பாதீர்கள், எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அதையேதான் போடுவார்கள். பக்கத்தில் இருக்கும் எண் இரட்டை இலக்கத்துக்குப் போயிருந்தால் சந்தேகம் சரி. தாமிர மருந்தை நிறுத்துங்கள், ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம், மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு, நடுகுழியில் வெளி மண். இதற்கு ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை.

அறிகுறி 7: எந்த அறிகுறியும் இல்லை

எல்லாரும் படியுங்கள் என்றேனே, அது இதுதான். காட்மியத்தில் செடி நோவதற்கு முன்பே அதைச் சாப்பிடுகிற மனிதன் நொந்துவிடுவான். செடிக்குக் காய்ந்த இலைக் கணக்கில் கிலோவுக்கு 5 முதல் 30 மில்லிகிராம் வரை போனால்தான் பாதிப்பு தெரியத் தொடங்கும். ஆனால் கீரைக்குக் கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, பச்சைக் கீரைக் கணக்கில், 0.2. நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். அந்த இடைவெளியில் கீரை கொழுகொழுவென்று வளரும், சந்தையில் முதலில் விற்றுத் தீரும்.

ஆக, கீழே உள்ளதில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் பயிர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒருமுறை சோதியுங்கள்: கழிவு ஓடைத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள், சேறு போட்டிருக்கிறீர்கள், நிலம் புளிப்பு மண், போடும் பயிர் கீரையோ முள்ளங்கியோ. நெடுஞ்சாலை ஓரக் கீரையில் ஈயம் பெரும்பாலும் தூசியாக மேலே ஒட்டியிருக்கும், மூன்று தண்ணீரில் அலசினால் நிறையப் போய்விடும். காட்மியம் உள்ளே இருக்கிறது, அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

சோதனையில் கீரை தேறவில்லை என்றால் நிலத்தைப் போட்டுவிட வேண்டாம். சம்பங்கி, மல்லி, பருத்தி, மரம் என்று வாய்க்குள் போகாத பயிருக்கு மாறலாம். சாப்பிடும் பயிர்தான் வேண்டுமென்றால் கீரையும் கிழங்கும் தவிர்த்துக் காய், பழ வகைக்குப் போங்கள், பொதுவாகக் காயில் ஏறுவது இலையில் ஏறுவதைவிடக் குறைவு. கத்தரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் காயையே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

லேபுக்கு அனுப்புவது, ஏமாறாமல்

மண்வள அட்டையில் பார்ப்பது பன்னிரண்டு விஷயம்: பி.எச்., உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். குரோமியமும் காட்மியமும் ஈயமும் அதில் கிடையாது. "அட்டையில் எல்லாம் நல்லா இருக்குண்ணா" என்று யாராவது சொன்னால் அவருக்கு இதைச் சொல்லுங்கள். உலோகத்துக்குத் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கட்ட வேண்டும். வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் அல்லது என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப்.

மண் எடுப்பது: வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி வடிவக் குழி, 15 சென்டிமீட்டர் ஆழம், குழிச் சுவரிலிருந்து சீவி, கலந்து, நாலாகப் பிரித்து எதிர் எதிர்ப் பாகங்களை நீக்கிக்கொண்டே வந்து அரை கிலோ. குழியை மண்வெட்டியால் வெட்டலாம், ஆனால் கடைசியாகச் சீவுவது மூங்கில் பத்தையிலோ பிளாஸ்டிக் கரண்டியிலோ இருக்கட்டும். எவர்சில்வர் கரண்டியிலேயே குரோமியமும் நிக்கலும் இருக்கிறது. பழைய உரச் சாக்கில் போடாதீர்கள், பாஸ்பேட் உரத்திலேயே காட்மியம் உண்டு. புது பாலிதீன் பை. நல்ல இடத்து மண்ணும் ஒரு பை, அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்? ஆறாம் வகைக் குரோமியத்துக்குத் தண்ணீர் என்றால் ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இரண்டு கேள்வி கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஒன்று, எவ்வளவு குறைந்த அளவு வரை உங்கள் மெஷின் பார்க்கும்? எனக்குத் தெரிந்த ஒருவர் கீரைக்கு ஒரு லேபில் ரிப்போர்ட் வாங்கினார், காட்மியம் "கண்டறியப்படவில்லை" என்று வந்தது, சந்தோஷமாகப் போனார். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில், கண்டறியும் எல்லை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று இருந்தது. வரம்போ 0.2. அந்த ரிப்போர்ட்டை வைத்து வெல்லம் பொட்டலம் கட்டலாம். இரண்டாவது, எண் காய்ந்த இலைக் கணக்கா, பச்சை இலைக் கணக்கா? கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், காய்ந்த கணக்கில் 2 என்றால் பச்சைக் கணக்கில் 0.2. இது தெரியாமல் நல்ல கீரையை உழுது போட்டவர்களும் உண்டு, கெட்ட கீரையை விற்றவர்களும் உண்டு.

ரிப்போர்ட்டையும் புகார் நகலையும் பத்திரமாக வையுங்கள், தேதியோடு. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அதில் பதிவு செய்தார்கள். அதற்குப் பின் அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்து இழப்பீடு நிர்ணயித்தது, 2025 ஜனவரியிலும் பாலாறு மாசுக்கு இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. யார் நிலம், எந்த சர்வே எண், எப்போது எவ்வளவு என்று கையில் காகிதம் இல்லாதவர் பேச்சு அங்கே எடுபடாது. கடைக்கு இலை கொண்டுவருகிறவர்கள் இனிமேல் வேரோடும், போர் தண்ணீர் ஒரு பாட்டிலோடும், சர்வே எண்ணோடும் வந்தால் எனக்கும் வேலை சுலபம்.